தெருவைப் படமெடுப்பவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்திரிகைக்காக நகரத் தெருக்களைப் படமெடுப்பது என் தொழில். பழைய நகரப் படங்களைத் தேடிப் பிடித்து, அதே இடத்தில் நின்று மறுபடி எடுப்பது அதோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு வேலை. பயிற்சி வகுப்புகளிலும் கண்காட்சிகளிலும், சில சமயம் தெருவில் வழிமறித்தும் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டு வந்தவர்கள் கொஞ்சம் கீழே போக வேண்டும். அதை முதல் கேள்வியாக வைக்க மனம் வரவில்லை.

தலைவர்கள், போர்கள், போராட்டங்கள், இவைதானே வரலாறு? சும்மா ஒரு தெருவை எடுத்து வைத்து என்ன ஆகப்போகிறது?

புகைப்படக் கலையை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவரான லூயி தாகேர் 1838-இல் பாரிஸில் ஒரு மாடி சன்னலிலிருந்து புல்வார் து தாம்ப்ள் என்ற சாலையைப் படமெடுத்தார். அன்றைய ரசாயனத்துக்குத் தகட்டில் உருவம் பதியச் சில நிமிடங்கள் பிடிக்கும். வண்டிகளும் குதிரைகளும் நடந்துபோனவர்களும் அத்தனை நேரம் ஓரிடத்தில் நிற்கவில்லை, அதனால் யாருமே படத்தில் விழவில்லை. கூட்டமான சாலை வெறிச்சோடிக் கிடப்பதுபோல் தெரிகிறது. ஒரே ஒருவர் மட்டும் ஓரமாக நின்று காலணிக்குப் பாலிஷ் போடக் காலை நீட்டிக்கொண்டிருந்தார். அவர் பதிந்துவிட்டார். பாலிஷ் போடுபவரும் மங்கலாகத் தெரிகிறார். புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர் என்று பொதுவாக அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் அரசரும் இல்லை, தளபதியும் இல்லை. பெயர்கூடத் தெரியாது.

அப்புறம் நகராட்சிகளே காசு கொடுத்து இதைச் செய்ய வைத்தன. 1860-களில் பாரிஸின் பழைய சந்துகளை இடித்து அகலச் சாலைகள் போட்டபோது, இடிப்பதற்கு முன் அவற்றை எடுத்து வைக்க ஷார்ல் மார்வீல் என்பவரை நகர நிர்வாகம் அமர்த்தியது. கிளாஸ்கோவில் தாமஸ் ஆனன் 1868 முதல் 1871 வரை எடுத்ததும் இதே போன்ற இடிப்பு வேலைக்காகத்தான். கட்டடத்தைப் பதிவு செய்வதுதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஆனால் இன்று ஆய்வாளர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது வேறு: கடைப்பலகை எழுத்து, சந்தின் நடுவே ஓடும் சாக்கடை, மேலே காயும் துணி, நகர்ந்ததால் புகைபோல் ஆன ஒரு குழந்தை. எடுத்தவர் குறிவைக்காத பொருள்கள்தான் அதிகம் பேசுகின்றன.

எழேன் அட்ஜே என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரரின் கதை இதைவிடச் சுவாரசியம். 1890-களின் கடைசியில் தொடங்கி, 18-க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடு போடும் மரக் கேமராவைத் தூக்கிக்கொண்டு பழைய பாரிஸ் முழுவதும் அலைந்தார். ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்றுத்தான் பிழைப்பு. 1920-இல் சுமார் 2,600 நெகட்டிவ்களை பிரெஞ்சு அரசு வாங்கிக்கொண்டது. 1927-இல் அவர் இறந்த பிறகு, மிச்சமிருந்ததை பெரனிஸ் ஆபட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் வாங்கி நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அந்தப் பெண்மணியே 1935 முதல் 1939 வரை, பழைய கட்டடங்களை விழுங்கி உயர்ந்துகொண்டிருந்த நியூயார்க்கைத் தெருத்தெருவாக எடுத்தார். அட்ஜேயின் படங்களைத் தினமும் கையில் வைத்துப் பார்த்தவருக்குத் தன் ஊரில் என்ன எடுக்க வேண்டும் என்பதை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

சரி, வெளியே கிளம்பிவிட்டேன். எதை எடுப்பது?

பத்து ஆண்டில் காணாமல் போகும் என்று தோன்றுவதை எடுங்கள். தொலைபேசிக் கூண்டு போயிற்று. கையால் எழுதிய விளம்பரப் பலகை போய்க்கொண்டிருக்கிறது. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் கையில் முன்பு செய்தித்தாள் இருந்தது, இப்போது கைபேசி இருக்கிறது, அடுத்து என்னவோ. மின்கம்பிகள் படத்தைக் கெடுக்கின்றன என்று ஒதுக்கி நின்று எடுப்பவர்களைப் பார்க்கிறேன். கம்பிகள் பூமிக்கடியில் போன பிறகு அந்தத் தெருவின் வயதைச் சொல்ல அவைதான் சாட்சி.

இன்னொரு வழி, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. சிலியில் பிறந்த கமிலோ ஹோசே வெர்காரா, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரே கடை முகப்பை 1977 முதல் பல பத்தாண்டுகளாக எடுத்துவந்தார். கதவு மாறும், வண்ணம் மாறும், பலகை மாறும், உள்ளே நடக்கும் தொழிலே மாறும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய படம். வரிசையாக வைத்தால் ஒரு பேட்டையின் பொருளாதாரமே தெரிகிறது. தினமும் நீங்கள் கடக்கும் நாற்சந்தி ஒன்றே இதற்குப் போதும்.

ஒருவரைப் படமெடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டுமா? கேட்டால் இயல்பு போய்விடுகிறதே?

கூட்டத்தில் ஒருவராகத் தெரிபவரிடம் நான் கேட்பதில்லை. ஒருவரே படமாக ஆகும்போது கேட்டுவிடுவேன், அல்லது எடுத்த கையோடு போய்ப் பேசிவிடுவேன். இயல்பு போய்விடும் என்பது பாதி உண்மை. கேட்டவுடன் எடுக்கும் படத்தில் எல்லோரும் விறைப்பாக நிற்பார்கள். அதையும் எடுத்துவிட்டு அங்கேயே இருங்கள். வேலை செய்பவரால் வெகுநேரம் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நடைபாதையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர். ஒரு கண்ணில் உருப்பெருக்கி செருகியிருந்தார். கேமராவைக் காட்டி எடுக்கலாமா என்று சைகையில் கேட்டேன்.

"என்னை எடுக்கப்போறியா தம்பி, கடிகாரத்தையா?"

"ரெண்டையும் ஐயா."

"அப்போ கொஞ்சம் பொறு. ஸ்பிரிங் கையில இருக்கறப்போ சிரிக்க முடியாது."

முதலில் சிரித்து ஒரு படம் கொடுத்தார், எல்லோரும் கொடுப்பதுதான். பிறகு வேலையில் இறங்கினார். மயிரிழை ஸ்பிரிங்கை இடுக்கியால் எடுத்து அதன் இடத்தில் வைக்கும்போது அவர் மூச்சை நிறுத்துகிறார் என்பதைக் கவனித்தேன். தோள் அசைவு நின்றுபோகும், வாய் லேசாகத் திறந்திருக்கும், இடது கையின் சுண்டுவிரல் மட்டும் மேசையில் ஊன்றியிருக்கும். அந்த மூச்சு நிற்கும் நேரங்களில்தான் எடுத்தேன். பத்திரிகையில் வந்ததும் அதில் ஒன்றுதான்.

கிளம்பும்போது பெயர் கேட்டேன். "பேரு போடுவாங்களா?" என்றார். போடுவார்கள் என்றதும் என் குறிப்பேட்டை வாங்கி, தன் பெயரைத் தானே எழுதி, முன்னெழுத்துக்கு அடியில் ஒரு கோடும் இழுத்தார். அதைத் தப்பாக அச்சடிக்கக் கூடாதாம். சரிதானே.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு ஒன்று. டைம்ஸ் சதுக்கத்தில் கட்டடச் சாரங்களில் ஃபிளாஷ் விளக்குகளை மறைத்து வைத்து, கடந்துபோனவர்களின் முகங்களை எடுத்த பிலிப்-லோர்க்கா டிகோர்சியா மீது, படத்தில் இருந்த ஒருவர் வழக்குப் போட்டார். அது கலைப்படைப்பு என்று சொல்லி நியூயார்க் நீதிமன்றம் 2006-இல் வழக்கைத் தள்ளிவிட்டது. அதே கண்டத்தில், மான்ட்ரியாலில், கட்டடப் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணைக் கேட்காமல் எடுத்து ஒரு கலை இதழில் வெளியிட்ட வழக்கில், 1998-இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்தப் பெண் பக்கம் நின்றது. அவருக்கு 2,000 டாலர் இழப்பீடு கிடைத்தது.

ஜெர்மனியில் ஒருவரின் உருவத்தின் மீது அவருக்கே உரிமை என்று 1907-இலேயே சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு பத்திரிகைப் படக் கதை இருக்கிறது. 1898-இல் ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் பிஸ்மார்க் இறந்த இரவு, இரண்டு புகைப்படக்காரர்கள் அவர் உடல் கிடந்த அறைக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து படமெடுத்துவிட்டார்கள். அந்த விவகாரம் கிளப்பிய சர்ச்சைதான் சட்டம் வரை போனது.

கட்டடங்களுக்கும் விதி உண்டு. பகல் நேர ஐஃபெல் கோபுரத்தை யாரும் வெளியிடலாம். இரவு விளக்கு அலங்காரத்தோடு தொழில்ரீதியாக வெளியிட அனுமதி வாங்கச் சொல்கிறார்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தின் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் ஒரு முறையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எடுக்கும் உரிமை, பத்திரிகையில் வெளியிடும் உரிமை, விளம்பரத்துக்குக் கொடுக்கும் உரிமை ஆகிய மூன்றும் தனித்தனி என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

யாராவது சண்டைக்கு வந்தால்?

கேமராவைக் கண்ணிலிருந்து இறக்குங்கள், ஓடாதீர்கள், படத்தைக் காட்டுங்கள். பெரும்பாலும் அதிலேயே தணிந்துவிடும். தன் முகம் வேண்டாம் என்று ஒரு சாதாரண மனிதர் வருத்தப்பட்டால் அழித்துவிடுவேன். அந்தப் படத்தால் உலகம் நின்றுவிடப் போவதில்லை. அதிகாரத்தில் இருப்பவர் பொது இடத்தில் செய்த ஒன்றை அழிக்கச் சொன்னால், பணிவாக மறுப்பேன்.

தெருவில் தூங்குபவர்கள், அழுபவர்கள், குழந்தைகள்?

தூங்குபவரை எடுப்பதில்லை. அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதே போதுமான காரணம். அதோடு, அப்படி எடுத்த படங்கள் எனக்குப் புதிதாக எதையும் சொன்னதில்லை. வீடற்றவர்களைப் பற்றிச் செய்தி எடுக்கிறீர்கள் என்றால் அவர்கள் விழித்திருக்கும்போது போய்ப் பேசுங்கள்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோதியா லாங் 1936-இல் கலிஃபோர்னியாவில், பட்டாணி பறிக்கும் கூலித் தொழிலாளர்களின் முகாமில் எடுத்த தாயின் படம் எல்லோருக்கும் தெரியும். அவர் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன் என்ற பெயர் வெளியே வந்தது 1978-இல். உலகம் முழுக்கத் தன் முகம் சுற்றியும் தனக்கு ஒரு காசும் வரவில்லை, பெயரைக்கூடக் கேட்கவில்லை என்று அவர் அப்போது வருந்தினார். அந்தப் படத்தால் முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டியிருக்கிறது. பெயர் கேட்டிருந்தால் முதலாவதன் கனமாவது கொஞ்சம் குறைந்திருக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் கூட இருக்கும் பெரியவரைத் தேடிக் கேட்பேன். இல்லையென்றால் முகம் தெரியாமல் எடுப்பேன்.

எந்த கேமரா, எந்த லென்ஸ்?

கையில் இருப்பதை வைத்தே தொடங்குங்கள். 1925-இல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தபோது அதன் பெருமை படத்தின் தரமல்ல. அது கோட்டுப் பையில் அடங்கியது, முக்காலி வேண்டாம், ஒரு ஃபிலிம் சுருளில் 36 படம். இன்று அந்த வேலையைக் கைபேசி செய்கிறது.

தனி கேமரா என்றால் 28 அல்லது 35 மில்லிமீட்டர் அகல லென்ஸ். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனையில் இருப்பவரை 200 மில்லிமீட்டரில் இழுத்து எடுப்பது எனக்குப் பிடிக்காது. முகம் கிடைக்கும், தெரு கிடைக்காது. அகல லென்ஸ் உங்களை இரண்டு மீட்டர் தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும், அங்கே நின்றால் பேசியே ஆக வேண்டும்.

வேகமாக எடுக்க ஒரு பழைய முறை உண்டு. முழு ஃபிரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் படத்தின் அளவு சென்சார் உள்ளது) 28 மி.மீ. லென்ஸ், அபெர்ச்சர் எனப்படும் லென்ஸின் ஒளித்துளை எஃப் 8, ஃபோகஸைக் கையால் சுமார் 3.3 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். ஏறக்குறைய 1.65 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக விழும். தானியங்கி ஃபோகஸ் எந்த முகத்தைப் பிடிப்பது என்று தடுமாறும் நேரத்தில் நீங்கள் படத்தை எடுத்து முடித்திருப்பீர்கள்.

ஷட்டர் வேகமும் கணக்குதான். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் ஒரு நொடியில் 1.4 மீட்டர் நகர்கிறார். 1/60 நொடியில் அது 2 சென்டிமீட்டருக்கு மேல். 1/500-இல் 3 மில்லிமீட்டருக்குள். வீசி நடக்கும் காலும் கையும் உடம்பைவிட வேகமாகப் போகும் என்பதால் பகலில் 1/500-க்குக் கீழே இறங்க மாட்டேன். கொஞ்சம் கலங்கியிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றினால் 1/15-க்குத் தாராளமாகப் போகலாம்.

விவியன் மையர் என்ற செவிலித்தாய் சிகாகோவில் ரோலைஃப்ளெக்ஸ் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எடுத்தார். அதில் வயிற்றருகே குனிந்துதான் காட்சியைப் பார்க்க வேண்டும். எதிரில் இருப்பவர் கண்ணை நேராகப் பார்க்காததால் பலர் படமெடுக்கப்படுவதையே உணர்ந்திருக்க மாட்டார்கள். இன்று திரை மடங்கும் கேமராக்களில் அதே வசதி இருக்கிறது.

எல்லாம் சரியாகச் சேரும் 'அந்தக் கணம்' எப்படிச் சிக்குகிறது?

அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் பாதி பேர், பொறுமை என்பவர்கள் மீதி பேர். நடைமுறையில் நான் செய்வது, முதலில் பின்னணியைத் தேர்ந்தெடுப்பது. சுவர், வெளிச்சம், ஒரு பலகை. அங்கே நின்று, ஆள் நுழையக் காத்திருப்பேன். பாதி நாள் யாரும் வருவதில்லை. வந்தால் தவறான சட்டை போட்டிருப்பார்.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1932-இல் பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் ஒருவரை எடுத்தார். வேலிப் பலகைகளின் இடைவெளியில் லென்ஸை நுழைத்து எடுத்தது. இடைவெளி போதாமல் ஓரம் மறைந்ததால், பிறகு அந்தப் பக்கத்தை வெட்ட வேண்டியிருந்தது. படத்தை வெட்டவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தவரின் மிகப் புகழ்பெற்ற படம் வெட்டப்பட்ட படம். வேலி குறுக்கே நின்றாலும் எடுத்தாரே, அதுதான் விஷயம்.

"கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்று சொல்லலாமா?

உருவப்படம் என்றால் சொல்லலாம், அது உருவப்படம் என்று தெரியும்படி வெளியிட வேண்டும். நடந்ததைக் காட்டும் படத்தில் கூடாது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரொபேர் துவானோ 1950-இல் பாரிஸ் நகர மன்றத்தின் முன் எடுத்த முத்தப் படம் 'லைஃப்' இதழில் வந்து, பிறகு சுவரொட்டியாக உலகம் முழுக்க விற்றது. அதில் இருப்பது நாங்கள்தான் என்று ஒரு தம்பதி வழக்குப் போட்டார்கள். நடிப்புப் பயின்ற இருவரை முத்தமிடச் சொல்லி எடுத்தது அது என்று அப்போது அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1950-இல் பாரிஸ் தெருவில் காதலர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று எழுதும் ஆய்வாளருக்கு அது இனி உதவாது.

படத்தை எவ்வளவு திருத்தலாம்?

வெளிச்சம், நிறம், வெட்டுதல் சரி. எதையும் சேர்க்கக் கூடாது, நீக்கக் கூடாது. 1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியோகிராஃபிக்' தன் நெடிய அட்டையில் அடங்குவதற்காக கீஸா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்த விவகாரத்தை இன்றைக்கும் வகுப்புகளில் சொல்கிறோம். 2015-இல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில், இறுதிக்கு முந்தைய சுற்று வரை வந்தவற்றில் 20 சதவீதம் திருத்தக் குற்றத்துக்காகத் தள்ளுபடி ஆயின.

அதே ஆண்டு அதே போட்டியில் நடந்த இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா நகரத்தைப் பற்றிய ஒரு தொடருக்குக் கொடுத்த பரிசு திரும்பப் பெறப்பட்டது. அதிலிருந்த ஒரு படம் அந்த நகரத்தில் எடுக்கப்படவே இல்லை, பிரஸ்ஸல்ஸில் எடுக்கப்பட்டது. படத்துக்குக் கீழே இருந்த ஊர்ப்பெயர் பொய், பரிசு போயிற்று.

படக்குறிப்பு எழுதுவது அவ்வளவு முக்கியமா? படமே பேசாதா?

பேசாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆவணக் காப்பகங்களில் பெட்டி பெட்டியாக அற்புதமான தெருப்படங்கள் கிடக்கின்றன. எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியாததால் அவற்றை யாரும் எதற்கும் பயன்படுத்த முடிவதில்லை. சுமாராக எடுத்த படத்தின் பின்னால் பென்சிலில் தெருப்பெயரும் தேதியும் இருந்தால், அதைத் தேடி மூன்று துறை ஆட்கள் வருவார்கள்.

'வாழ்க்கைப் போராட்டம்', 'காலத்தின் சுவடுகள்' போன்ற குறிப்புகளைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நான் எழுதுவது இப்படி இருக்கும்: "பேருந்து நிலையத்தின் வடக்கு வாசலுக்கு எதிரே, இரண்டு மாடிக் கட்டடத்தின் முன்சுவரை இடிக்கும் தொழிலாளர்கள். மேம்பாலப் பணிக்காக இந்த வரிசை முழுவதும் அகற்றப்படுகிறது. சாலையின் மேற்குப் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி எடுத்தது. 14 மார்ச் 2024, காலை 7.40." தொழிலாளர்களின் பெயர் தெரிந்தால் இடமிருந்து வலமாக. ரசனை இல்லாத எழுத்துத்தான். ஆனால் எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்ற அந்த ஒரு வரியை வைத்து, பின்னால் வருபவர் அந்தச் சுவர் நின்ற இடத்தில் கால் வைக்கலாம்.

பெயரை அவர்களையே எழுதச் சொல்லுங்கள், கடிகாரக்காரர் செய்தது போல. காதில் விழுந்ததை நாமாக எழுதினால் முன்னெழுத்து மாறும். படத்தில் தெரிவதை மறுபடி விவரிக்க வேண்டாம். சட்டை சிவப்பு என்பது பார்ப்பவருக்கே தெரியும், கட்டடம் எதற்காக இடிபடுகிறது என்பது தெரியாது. உணர்ச்சியை ஊகித்து எழுதாதீர்கள். கண்ணை மூடியிருப்பவர் துக்கத்தில் இருக்கலாம், தூசியும் விழுந்திருக்கலாம்.

கேமராவின் கடிகாரத்தைக் கிளம்பும் முன் பாருங்கள். மின்கலம் தீர்ந்து தேதி ஆரம்பத்துக்குப் போயிருக்கும் கேமராக்கள் ஏராளம். குறிப்பைப் படக் கோப்புக்குள்ளேயே, இத்தகைய விவரங்களுக்கென்றே இருக்கும் ஐபிடிசி பகுதியில் எழுதி வைத்தால் படத்தோடு கூடவே போகும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

பழைய படம் எடுக்கப்பட்ட இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே நின்று எடுப்பது எப்படி?

இதற்கு மட்டும் ஒரு நாள் வகுப்பு எடுக்கலாம். அமெரிக்காவில் மார்க் கிளெட்டும் அவர் குழுவும் 1977 முதல், 19-ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட நிலக்காட்சிகளை அதே புள்ளியில் நின்று மீண்டும் எடுத்து, இதை ஒரு துல்லியமான வேலையாக ஆக்கினார்கள்.

எந்த லென்ஸ் என்பது இரண்டாவது கவலை. கோணத்தைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் இடம். பழைய பிரிண்டில் அருகே ஒரு பொருளையும் தொலைவில் ஒரு பொருளையும் தேர்ந்தெடுங்கள். ஒரு விளக்குக் கம்பம், அதற்குப் பின்னால் ஒரு சன்னல் என்று வைத்துக்கொள்வோம். கம்பத்தின் விளிம்பு சன்னலை எங்கே வெட்டுகிறது? நீங்கள் வலப்பக்கம் நகர்ந்தால் கம்பம் சன்னலுக்கு எதிரே இடப்பக்கம் போகும். படத்தில் இருப்பது போலவே வெட்டும் வரை நகருங்கள். பிறகு வேறொரு ஜோடியை வைத்துச் சரிபாருங்கள். உயரத்துக்கும் இதேதான். பழையவர்கள் பலர் வண்டியின் மேலோ மாடியிலோ நின்று எடுத்திருப்பார்கள், நீங்களும் ஏணி தேட வேண்டியிருக்கும். கடைசியாக நிழல். படத்தில் உள்ள நிழல் ஏறக்குறைய அதே நேரத்தில் ஆண்டில் இரண்டு முறை விழும், சூரியன் வடக்கே போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. தேதி தெரியாத படத்தின் பருவத்தை இப்படிக் குறுக்கிவிடலாம்.

ஒரு முறை எவ்வளவு நகர்ந்தும் எதுவும் பொருந்தவே இல்லை. பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்ததை எதிர் மாடியிலிருந்து ஒரு அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கீழே இறங்கி வந்து பிரிண்டை வாங்கிப் பார்த்தார்.

"இந்தப் படி எங்க வீட்டுப் படிதான் தம்பி. ஆனா எங்க படி இடது பக்கமா இறங்கும். இதுல வலது பக்கம் இருக்கு."

படியைத் திருப்பிக் கட்டினீர்களா என்று கேட்டேன். அவர் திருமணமாகி வந்த நாளிலிருந்து அதே படிதான் என்றார். அதன் பிறகுதான் உருப்பெருக்கியை எடுத்து, ஓரத்தில் நிற்பவரின் சட்டைப் பித்தானைப் பார்த்தேன். ஆண் சட்டைக்குத் தவறான பக்கத்தில் இருந்தது. நெகட்டிவைத் தலைகீழ்ப் பக்கமாக வைத்து அச்சிட்டிருக்கிறார்கள், படம் முழுக்க இட வலம் மாறியிருக்கிறது. அதைத் திருப்பியதும் எல்லாம் பத்து நிமிடத்தில் பொருந்தியது. படத்தில் எழுத்து எதுவும் இல்லையென்றால் பித்தானையும் கைக்கடிகாரத்தையும் பாருங்கள், அல்லது அந்தத் தெருவில் நெடுநாள் இருப்பவரிடம் கேளுங்கள். தாகேர் முறைத் தகடுகள் இயல்பிலேயே கண்ணாடி பிம்பமாகத்தான் விழும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பெண்கள் தெருவில் நின்று இந்த வேலையைச் செய்ய முடியுமா?

ஹோமாய் வியாரவல்லா முதலில் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. பிறகு டெல்லியில் சேலை கட்டிக்கொண்டு, கனமான ஸ்பீடு கிராஃபிக் கேமராவோடு, ஆண்கள் மட்டுமே நின்ற வரிசையில் நின்று ஒரு தேசம் பிறந்ததை எடுத்தார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று அவரைச் சொல்கிறோம். 1970-இல் தானாகவே கேமராவை மூடி வைத்தார். 2011-இல் பத்ம விபூஷண் வந்தது. கேள்விக்கு இதைவிட நீளமான பதில் தேவையா?

செயற்கை நுண்ணறிவே தெருப்படத்தை உருவாக்கிவிடுகிறதே, இனி யார் நம்புவார்கள்?

படம் எங்கிருந்து வந்தது என்பதைச் சரிபார்க்க உதவும் டிஜிட்டல் கையொப்பத்தைக் கேமராவுக்குள்ளேயே போடும் முறை வந்திருக்கிறது. 2021-இல் தொடங்கிய சி2பிஏ தரநிலை அதற்காகத்தான். 2023-இல் வந்த லைக்கா எம்11-பி அந்தக் கையொப்பத்தோடு வெளியான முதல் கேமரா. நான் அதற்கு மேல் நம்புவது பழைய வழியை: வெளியான படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை அழிக்காமல் வைத்திருப்பது. நான் எடுத்த ஒருவர் குதிப்பதற்கு முன் தயங்கியதும், குதித்த பின் செருப்பைத் தேடியதும் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் காட்டலாம்.

எடுத்ததையெல்லாம் எப்படிப் பாதுகாப்பது?

மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். ஹார்ட் டிஸ்க் சாகாது என்று யாராவது சொன்னால் அவருக்கு இன்னும் செத்ததில்லை என்று பொருள். வீட்டில் பழைய நெகட்டிவ் பெட்டி இருந்தால் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, அதைத் தனியாகப் பிரித்து, குளிர்ந்த இடத்தில் வைத்து, சீக்கிரம் ஸ்கேன் செய்யுங்கள். அதற்கும் முந்தைய நைட்ரேட் ஃபிலிம் தீப்பற்றக்கூடியது. அதை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் காப்பக நிபுணரிடம் ஒப்படைப்பது நல்லது.

உரிமை யாருக்கு என்பதையும் எழுதி வையுங்கள். விவியன் மையர் வாடகைக் கிடங்கில் வைத்திருந்த பெட்டிகள், வாடகை பாக்கியால் 2007-இல் ஏலத்துக்குப் போயின. 2009-இல் அவர் இறந்தார். நெகட்டிவ்களை வாங்கியவர்களிடம் நெகட்டிவ் இருந்தது, பதிப்புரிமை இல்லை. உயில் இல்லாததால் வாரிசு யார் என்று நீதிமன்றம் வரை இழுத்தது. ஒரு தாளில் பெயர், தேதி, கையெழுத்து, இரண்டு சாட்சிகள். காப்பகத்துக்குக் கொடுக்கும்போதும் யார் பார்க்கலாம், யார் அச்சிடலாம், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், குறிப்பேடுகளையும் படங்களோடு சேர்த்தே கொடுங்கள்.